மாணவன் கூலிக்குச் செல்லலாமா?

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா எழுகிறது. பத்தாம் வகுப்பையோ பதினோராம் வகுப்பையோ முடித்த பிள்ளை தந்தையின் முன் வந்து நின்று, “பள்ளி திறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, வாப்பா. அதுவரை ஏதாவது கடையில் வேலைக்குப் போகட்டுமா?” என்று கேட்கிறான். ஒரு வீட்டில், “நம் குடும்பத்துப் பிள்ளை பிறர் கடையில் எடுபிடியாக நிற்பதா? ஊர் என்ன சொல்லும்?” என்னும் மறுப்பு பிறக்கிறது. மற்றொரு வீட்டில், “தாராளமாகப் போ. படித்து என்ன ஆகப் போகிறது? இப்போதிருந்தே தொழில் பழகு” என்னும் இசைவு கிடைக்கிறது. முன்னதில் பேசுவது கௌரவம். பின்னதில் பேசுவது அவசரம். கேட்ட பிள்ளையின் நலன் இவ்விரண்டிலும் எங்கே இருக்கிறது என்று தேடினால் காணக் கிடைக்கவில்லை.

உழைப்பு நன்மை என்பதில் முஸ்லிம்களாகிய நமக்கு ஐயமிருக்கவியலாது. கல்வி கடமை என்பதிலும் அவ்வாறே. இரண்டு நன்மைகள் ஒரு பிள்ளையின் நேரத்துக்காகப் போட்டியிடும்போது எதனை எங்கே நிறுத்துவது என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டிய பொருள். மார்க்கச் சட்ட நூல்களும் நல்லோர் வரலாறும் இதில் நமக்குப் போதிய வெளிச்சம் தருகின்றன.

உழைப்பின் கண்ணியம்

முதலில் கௌரவம் பேசுவோருக்கு விடை கூறுவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்காக மேய்த்தார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. அதனை மறைக்க வேண்டிய செய்தியாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கருதவில்லை; தம் தோழர்களிடம் தாமே எடுத்துரைத்தார்கள்; ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்றும் விளக்கினார்கள். தாவூது (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கையுழைப்பால் உண்டார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராயிருந்தார்கள். குறைஷிக் குலத்துத் திருத்தூதருக்குக் கூலி வாங்குவது இழுக்காகவில்லை. நம் தெருவின் பெருமை அதனினும் உயர்ந்ததோ?

வறுமையால் கையேந்தி வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வரலாறு அபூதாவூதில் காணப்படுகிறது. அவர் வீட்டிலிருந்த துணி ஒன்றையும் பாத்திரம் ஒன்றையும் நபி (ஸல்) அவர்கள் 2 திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்தைக் குடும்பத்தின் உணவுக்கும், மற்றொன்றைக் கோடரிக்கும் பங்கிட்டார்கள். கோடரிக்குக் காம்பையும் தம் கையாலேயே பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாள் தம் கண்ணில் படவேண்டாமென்றும் சொல்லியனுப்பினார்கள். 15 நாளுக்குப் பின் அவர் 10 திர்ஹத்துடன் திரும்பி வந்தார். உழைக்கச் சொன்னதோடு நில்லாமல், எத்தனை நாள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பியதை வாசகர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். அந்த நாட்கணக்கின் பொருள் பின்னர் விளங்கும்.

தமிழ் மரபும் இதற்கு மாறன்று. ஆள்வினையுடைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல் கடந்து வாணிபம் செய்த முன்னோர் பலர், கடையைக் கூட்டிப் பெருக்கும் சிறுவராய்த் தொடங்கியே கல்லாப்பெட்டிக்கு முன் அமர்ந்தார்கள். ஆதலின், மாணவன் விடுமுறையில் வேலைக்குச் செல்வதைக் கௌரவக் குறைவென்பார் தம் முன்னோரையே மறந்தவராவர்.

தாயின் பசியும் இமாமின் பணப்பையும்

இனி, “படித்து என்ன ஆகப் போகிறது?” என்பாரை நோக்குவோம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி ஒன்றுண்டு. விவரங்களில் சிறு சிறு வேறுபாடுகளுடன் அது வழங்கி வருகிறது. கூஃபா நகரில் தந்தையை இழந்த சிறுவராயிருந்த அவர்களைத் தாயார் துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விட்டிருந்தார். சிறுவரோ வழியில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பாடவட்டத்தில் போய் அமர்ந்துவிடுவார். தாயார் வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்வார். ஒரு நாள் இமாமிடமே முறையிட்டார்: தாம் நூல் நூற்றுப் பிள்ளையை வளர்ப்பதாகவும், அவன் நாளுக்கு ஒரு சிறு காசேனும் ஈட்டவேண்டுமென்றும் சொன்னார்.

அத்தாயைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. அவர் கேட்டது பேராசைப் பணமன்று. அடுப்பெரிய வேண்டிய பணம். இமாம் அவர்களும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கல்வியின் சிறப்பைப் பற்றி அவருக்கு நீண்ட உபதேசமும் செய்யவில்லை. சிறுவரின் தேவைக்கெனப் பணம் கொடுத்து, அது தீருந்தோறும் மேலும் கொடுத்து வந்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அச்சிறுவரே பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக வீற்றிருந்தார்கள். நில வரி குறித்து அவர்கள் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இன்றளவும் ஆராயப்படும் நூலாகும்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பட்டுத் துணி வணிகர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். துடிப்பான ஒரு சிறுவனைத் தம் கடையிலேயே அமர்த்திக்கொண்டு, கூலியும் கொடுத்து, ஏழைக்கு வேலை கொடுத்த புண்ணியமும் பெற்றிருக்கலாம். ஊர் அவர்களைப் புகழ்ந்துமிருக்கும். ஆனால் அச்சிறுவனுக்கு அப்போது தேவைப்பட்டது வேலையன்று, வேலையிலிருந்து விடுதலை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நம் ஊர்ச் செல்வர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை கொடுப்பது உதவிதான். வேலைக்குப் போகாமலே படிக்க வைப்பது அதனினும் பெரிய உதவியாகும் வேளைகள் உண்டு.

மத்யனில் பேசிய தவணை

அங்ஙனமாயின் மாணவன் வேலைக்கே செல்லலாகாதா எனின், அதுவும் அன்று. எப்படிப்பட்ட வேலை, எவ்வாறு தேடிய வேலை, எதுவரை செய்யும் வேலை என்பனவற்றைப் பொறுத்தே விடை அமையும். இம்மூன்றுக்கும் ஒருங்கே வழிகாட்டும் வரலாறு திருமறையின் 28ஆம் அத்தியாயமான சூரத்துல் கஸஸில் இருக்கிறது.

மூஸா (அலை) அவர்கள் உயிருக்கு ஆபத்து நேர்ந்து எகிப்தை விட்டு நீங்கி, மத்யன் நகரத்து நீர்த்துறையை அடைகிறார்கள். ஆடவர் கூட்டத்துக்கு அஞ்சித் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்காக நீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் மட்டும் முறையிடுகிறார்கள். பின்னர் அப்பெண்களின் தந்தை அவர்களை அழைத்துவரச் செய்கிறார். அவர் நபி ஷுஐபு (அலை) என்பார் விரிவுரையாளர் பலர். பெண்களுள் ஒருத்தி, வலிமையும் நம்பகமும் உடையவரே வேலைக்கமர்த்தத் தக்கவர் என்று சொல்லி அவர்களை அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையை வேண்டுகிறாள். பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு ஈடாக 8 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டுமென்றும், 10 ஆண்டுகளாக நிறைவு செய்தால் அது அவர்களின் பெருந்தன்மை என்றும், தாம் அவர்களுக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்றும் சொல்கிறார். இருவரும் அல்லாஹ்வைச் சாட்சியாக்கி உடன்படுகிறார்கள்.

மூஸா (அலை) அவர்கள் அப்போது பள்ளிச் சிறுவரல்லர்; வளர்ந்த வாலிபர். ஆயினும், வேலை தேடும் இளைஞனுக்கும் வேலை தரும் பெரியவருக்கும் உரிய ஒழுக்கங்கள் இவ்வரலாற்றில் அடங்கியிருக்கின்றன.

வேலை கிடைத்த விதத்தை முதலில் கவனியுங்கள். அவர்களின் செயலைக் கண்ணால் கண்டவர் அவர்களுக்காகப் பேசினார். மாணவன் வேலை தேட வேண்டிய இடமும் அதுவே: தன்னையும் தன் குடும்பத்தையும் அறிந்தவர்களிடம். முஹல்லாவின் புத்தகக் கடை, அச்சகம், தையற்கடை, மின்சாதனம் பழுதுபார்க்கும் பட்டறை, உறவினரின் மளிகைக் கடை, பள்ளிவாசலில் கோடைதோறும் நடைபெறும் மார்க்க வகுப்பில் உஸ்தாதுக்கு உதவியாளாக இருப்பது, சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது என்று வழிகள் பல. போய் நின்று “வேலை உண்டா?” எனக் கேட்பதற்கு முன், ஒரு நாள் கூடமாட நின்று உதவுவது சிறந்த விண்ணப்பமாகும். இதற்கு மாறாக, முகமறியாதவர் கைத்தொலைபேசியில் அனுப்பும் அழைப்பை நம்பி, வேலைக்கு முன்பணம் கட்டுவதோ, வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பதோ பெருந்தீங்கில் முடியும். கூலி கொடுக்க வேண்டியவன் கூலியாளிடம் பணம் கேட்கிறானெனில் அங்கே வேலை இல்லை, வலைதான் இருக்கிறது.

அடுத்து, பேச்சு வெளிப்படையாக நடந்தது. வேலை இன்னது, காலம் இவ்வளவு, கைம்மாறு இது என்று மூன்றும் சொல்லப்பட்டன. நம் பிக்ஹு நூல்கள் இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது, வேலையும் கூலியும் காலமும் அறியப்பட்டிருக்க வேண்டும் என வலியுறுத்துவது இதனாலேயே. கூலியைத் தெளிவுபடுத்தாமல் ஒருவரை வேலைக்கு வைப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும் ஹதீஸ் உண்டு. நம் கடைவீதி வழக்கமோ வேறு. “நம்ம பிள்ளைதானே, பார்த்துக் கொடுப்போம்” என்னும் ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ‘நம்ம பிள்ளை’ என்பது அன்பு மொழிதான். ஆனால் அந்த அன்பு மொழியின் நிழலில் எத்தனை பிள்ளைகள் மாத முடிவில் எண்ணிப் பார்க்கக் கூசும் தொகையை வாங்கிக்கொண்டு வாய்பேசாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள்! தன் பிள்ளை என்று நினைப்பவர் கூலியை முன்கூட்டியே பேசட்டும். பேசியதற்கு மேல் கொடுப்பதில் தம் அன்பைக் காட்டட்டும்.

பிள்ளை தானே சென்று ஒப்பந்தம் பேசலாமா என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. பருவமடையாத சிறுவனின் ஒப்பந்தம் செல்லாது, அவனுக்காக வலீயே பேச வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. நன்மை தீமை பகுத்தறியும் சிறுவன் வலீயின் அனுமதியோடு ஒப்பந்தம் செய்யலாம் என்பது ஹனபி மத்ஹபு. வழி இரண்டாயினும், தந்தை அறியாமல் அது நடக்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றே. பருவமடைந்த மாணவனுக்குச் சட்டம் இடம் தரலாம். ஆயினும் தந்தையோ தாய்மாமனோ ஒருமுறை உடன் சென்று கடைக்காரரிடம் பேசிவிட்டு வருவது அவனுக்கு அரணாகும்.

சிரமம் தர விரும்பவில்லை என்று அப்பெரியவர் கூறியது அடுத்த பாடம். இதன் நிறைவான விளக்கத்தை மதீனாவில் காண்கிறோம். அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களை அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் ஏறத்தாழ 10 வயதில் நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு ஒப்படைத்தார்கள். 10 ஆண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் தம்மைச் ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அனஸ் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஒருமுறை வேலையாக அனுப்பப்பட்ட அவர்கள், வழியில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பற்றுவதை உணர்ந்து திரும்பிப் பார்த்தால், பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! வேலைக்கு வந்தவன் சிறுவன் என்பதை எஜமான் மறக்கலாகாது என்பதற்கு இதனினும் அழகிய சான்று வேறென்ன வேண்டும்? அவ்வீட்டில் செய்த பணிவிடையே அனஸ் (ரலி) அவர்களுக்குக் கல்வியாகவும் ஆயிற்று. ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்தோர் வரிசையில் அவர்கள் இடம் பெற்றார்கள்.

சட்டத்தின் வேலி

நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் கவனிக்கற்பாலது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்தல் குற்றம். பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவுவதற்கு விலக்குண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளோரைச் சுரங்கத்திலும், வெடிபொருள், தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலைகளிலும், ஆபத்தான ஆலைத் தொழில்களிலும் ஈடுபடுத்தலாகாது. இளையோர் வேலை நேரத்துக்கு வரம்பும், இடையில் ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் உண்டு. இரவு 7 மணிக்குப் பின் அவர்களிடம் வேலை வாங்கலாகாது.

இன்னொன்று. கடைச் சாமான்களை வீடுகளில் சேர்ப்பிக்க 16 வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தனுப்புவது இன்று வழக்கமாகி வருகிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிமமில்லாத சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ 3 ஆண்டுச் சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம். அப்பையன் 25 வயது வரை உரிமம் பெறவியலாது. சில நூறு ரூபாய்க் கூலிக்காக இத்தனை பெரிய ஈடு வைப்பது அறிவுடைமை ஆகுமா?

“மார்க்கக் கட்டுரையில் அரசாங்கச் சட்டம் எதற்கு?” என்று கேட்பாரும் இருக்கக்கூடும். தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பலவீனர் மேல் தீங்கு விழாமல் தடுக்கும் வேலி எதுவாயினும், அதனை மதிப்பது அவ்விதியைப் பேணுவதேயாகும்.

ரமலான் கடைவீதி

நம் சமுதாயத்துக்கே உரிய பருவ வேலை ஒன்றுண்டு. அது நோன்பு மாத வேலை. ஜவுளிக்கடை, தையற்கடை, தொப்பியும் அத்தரும் விற்கும் கடை, செருப்புக்கடை, மாலையில் சமோசாவும் வடையும் விற்கும் தெருவோரத் தட்டுக்கடை என எங்கும் ஆள் தேவைப்படும். பெருநாளுக்கு முந்திய பத்து இரவுகளில் கூட்டம் அலைமோதும். மாணவர் பலர் முதற் கூலி காண்பது இம்மாதத்தில்தான்.

ஆனால் ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி வருகிறது. 2018லும் 2019லும் அது மே மாதத்தில் தொடங்கியது. பிள்ளைகள் பெரும்பாலும் விடுமுறையில் இருந்தார்கள். 2025இல் மார்ச் தொடக்கத்தில், மேல்நிலை வகுப்பின் பொதுத்தேர்வு தொடங்கிய அதே வாரத்தில் நோன்பும் தொடங்கியது. இனிவரும் சில ஆண்டுகளில் அது பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகர்ந்து, பள்ளி நடக்கும் காலத்திலேயே அமையும். முன்பு விடுமுறை வேலையாயிருந்தது இப்போது படிப்போடு மோதும் வேலையாகிவிட்டது. “நாங்கள் அந்தக் காலத்தில் நோன்பு முழுவதும் கடையில் நின்றோமே” என்று கூறும் பெரியவர், பிறையைப் பார்ப்பதோடு பள்ளி நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நோன்புக் கால வணிகம் பெரும்பாலும் தராவீஹுக்குப் பின்னரே சூடுபிடிக்கிறது. நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கிறது. நோன்பு நோற்ற பையன் மாலை முதல் நின்ற காலில் துணியை விரித்துக் காட்டியும் மடித்து வைத்தும், சஹருக்குச் சற்று முன் வீடு திரும்பி, காலையில் பள்ளிக்கும் செல்ல வேண்டுமெனில் அவ்வுடல் என்னாகும்? கடைகளில் பணிபுரிவோர் அமர இருக்கை தர வேண்டுமென 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே, நாள் முழுவதும் நிற்பதன் துன்பத்துக்குச் சான்றாகும். கடமையான தொழுகையின் நேரம் கூலி நேரத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது, அதற்காகக் கூலியைக் குறைக்கலாகாது என்று நம் இமாம்கள் எழுதி வைத்தார்கள். அதே கடையின் முதலாளி முன் ஸஃப்பில் தராவீஹ் தொழுதுகொண்டிருக்க, பையன் இஷாவையும் தவறவிட்டுக் கடை காப்பானாயின், அத்தொழுகையின் நன்மை யாருடைய தோளின் மேல் ஏறி வாங்கப்பட்டது?

கடைசிப் பத்தில் ஜகாத்தையும் ஸதக்காவையும் அள்ளிக் கொடுக்கும் வணிகர்கள் நம்மிடையே நிறைய உள்ளார்கள். அல்லாஹ் அவர்களுக்கு மேலும் பரக்கத் செய்வானாக! அவர்களிடம் ஒன்றைப் பணிவுடன் நினைவூட்டலாம். வேலை வாங்கிக்கொண்டு கூலியை நிறைவாகக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக இறைவன் எச்சரித்திருக்கிறான். வியர்வை உலரும் முன் கொடு என்பது நபிமொழியின் கருத்து. பெருநாள் இரவில் கூலி கொடுத்தால்தான் பையன் தன் தங்கைக்குச் சட்டை எடுக்க முடியும். “பெருநாள் கழிந்து கணக்குப் பார்ப்போம்” என்பது அவனுடைய பெருநாளைத் தள்ளிவைப்பதாகும்.

கூலி யாருடையது?

பையன் கூலியோடு வீடு வருகிறான். அப்பணம் யாருக்குச் சொந்தம்? “நானே என் தகப்பனுக்குச் சொந்தம், என் பணம் மட்டும் எனக்கா?” என்று சிலர் நபிமொழி ஒன்றை மனத்திற் கொண்டு கூறுவர். மகனும் அவன் பொருளும் தந்தைக்குரியவை என்னும் கருத்துள்ள அந்த ஹதீஸுக்குச் சட்ட அறிஞர் பெரும்பாலோர் கூறும் விளக்கம், தேவையுள்ள தந்தை மகனின் பொருளிலிருந்து தேவையளவு பெறலாம் என்பதே. உடைமை பிள்ளையுடையதுதான். சிறுவனின் பொருளுக்கு வலீ காவலர்; எஜமானரல்லர். அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, அவர்களிடம் பக்குவம் கண்டதும் அவர்களின் சொத்தை ஒப்படைக்குமாறு சூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது. காவலர் ஏழையாயின் நியாயமான அளவு உண்ணலாம் என்றும் அளவு வகுக்கிறது. தந்தையில்லாப் பிள்ளைக்கே இத்துணைப் பாதுகாப்பு எனின், தந்தை உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அதனினும் குறைவாக இருக்கலாமோ?

இந்தச் சட்டநுணுக்கத்தை நான் விரித்துரைக்கக் காரணம் உண்டு. பிள்ளையின் கூலி வீட்டுச் செலவில் கலந்துவிட்டால், இரண்டே மாதத்தில் வீடு அதற்குப் பழகிவிடுகிறது. பால்காரர் கணக்கு அதில் தீர்கிறது. சீட்டுப் பணம் அதில் போகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, “இந்தப் பணம் நின்றுவிடுமே!” என்னும் கவலை தாய்தந்தையின் நெஞ்சில் தானாக எழுகிறது. “இந்த ஒரு மாதம் மட்டும் போய்விட்டு வரட்டும்” என்கிறார்கள். ஒரு மாதம் காலாண்டுத் தேர்வு வரை நீள்கிறது. பின்னர் பையனுக்கே வகுப்பில் போய் உட்கார வெட்கமாகிவிடுகிறது. கையில் காசும் கைத்தொலைபேசியும் புழங்கியவனுக்குக் கரும்பலகை கசக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு, விடை வராத அந்தப் பெயர்களைத் தெரியும். யாரும் அப்பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்தவில்லை. யாரும் அப்படித் தீர்மானிக்கவுமில்லை. கூலி அவனுடையதாக இருந்திருந்தால் வேலைக்கு ஒரு முடிவு இருந்திருக்கும். வீட்டுடையதாகிவிட்டதால் முடிவு இல்லாமற் போயிற்று.

ஆதலின் இயன்ற குடும்பங்கள் பிள்ளையின் கூலியை அவன் பெயரிலேயே வைத்திருத்தல் நலம். அடுத்த ஆண்டின் கட்டணம், புத்தகம், ஒரு மிதிவண்டி, சிறு தர்மம் என அவனே திட்டமிடட்டும். தவறாகச் செலவிட்டால் அருகிருந்து திருத்துங்கள். திருமறை கூறும் சோதனையும் பக்குவமும் இவ்வாறுதான் நிகழும். முதற் கூலியை உம்மாவின் கையில் வைத்து துஆ பெறும் அழகிய வழக்கம் நம்மிடம் உண்டு. அது வாழட்டும், ஆயின் அது அன்பளிப்பாக இருக்கட்டும், வரியாக வேண்டாம்.

பெண் மக்களுக்கும் இதே நீதிதான். விடுமுறையில் தையல், பூவேலை, பெருநாளுக்கு மருதாணி இடுதல், சிறுவர்க்குப் பாடம் சொல்லுதல் ஆகியவற்றால் நம் சகோதரிகள் பலர் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள். ஆண்களுக்கு அவர்கள் ஈட்டியதில் பங்கிருப்பது போலவே பெண்களுக்கும் அவர்கள் ஈட்டியதில் பங்குண்டு என்பது இறைவாக்கின் கருத்து. மகளின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நடப்பதால் அதன் கூலியும் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடலாகாது.

இத்தனையும் இயன்ற குடும்பத்துக்கு. இயலாத குடும்பத்தை என்ன செய்வது? தந்தை நோயுற்றுப் படுத்திருக்க, பிள்ளையின் கூலியால் மட்டுமே உலை கொதிக்கும் வீடுகள் நம் முஹல்லாக்களில் இல்லையா? அங்கே சட்டம் பேசிக்கொண்டு நிற்பது கல் நெஞ்சமாகும். தேவையுள்ள பெற்றோருக்குச் செலவளிப்பது பொருளுள்ள பிள்ளையின் கடமை என்று பிக்ஹே கூறுகிறது. ஆனால் அப்பிள்ளை ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பவில்லையெனில் அக்குற்றத்தை அந்தத் தாயின் மேல் சுமத்த வேண்டாம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் தம் பணப்பையைத் திறந்தது இப்படிப்பட்ட ஒரு தாய்க்காகவே. ஜமாஅத்தின் பைத்துல்மாலும் செல்வரின் ஜகாத்தும் அத்தகைய வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் விடை வராத பெயர்களை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அவ்வீட்டுக் கதவைத் தட்டுவது ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஓர் இபாதத்தாகும்.

தவணை முடிந்த பின்

மத்யன் வரலாற்றில் நாம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்றுண்டு. பேசிய தவணை நிறைவுற்றது. மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தாருடன் புறப்பட்டார்கள். பெரியவர் தடுத்ததாக வரலாறு இல்லை. அந்தப் பயணத்தில்தான் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டார்கள்; அங்கேதான் இறைவன் அவர்களுடன் பேசினான். ஆடு மேய்த்த ஆண்டுகள் வீணாகவில்லை. அவற்றில் அவர்கள் பொறுமை கற்றார்கள். கையிலிருந்த கோலும் உடன் வந்தது. ஆனால் அத்தவணைக்கு ஒரு முடிவு இருந்தது. முடிவு இருந்ததாலன்றோ அடுத்த பணி காத்திருந்த இடத்துக்குச் சென்று சேர்ந்தார்கள்!

மாணவன் கூலிக்குச் செல்லலாமா என்னும் வினாவுக்கு விடை இதுவே: செல்லலாம், திரும்பி வரும் நாளைச் சொல்லிவிட்டுச் செல்வானாயின். வேலை கொடுப்பவர் கூலியைப் பேசும் அன்றே அந்நாளையும் பேசட்டும். அந்நாளில் தாமே முன்வந்து, “நாளை முதல் பள்ளிக்குப் போ” என்று சொல்லட்டும். தந்தை அந்நாளைக் கணக்கிட்டு வைக்கட்டும். பிள்ளை தான் ஈட்டிய காசில் ஒரு நோட்டுப் புத்தகமேனும் வாங்கிக்கொண்டு வகுப்பில் நுழையட்டும்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்கு ஹலாலான உழைப்பையும் பயனுள்ள கல்வியையும் ஒருசேர அருள்வானாக! ஆமீன்.